தாத்தாவின் கோபம் பேரனுக்கும் வருமா?

கேள்வி: என் அப்பா கடும் கோபக்காரர், கணவரும் அப்படித்தான். இப்போது 15 வயது மகன் கதவை அறைந்து சாத்துகிறான், எரிந்து விழுகிறான், ‘நான் இல்லாமல் போனால் உங்களுக்கு நிம்மதி’ என்கிறான். மூளைக் கோளாறாக இருக்கலாம் என்று இணையத்தில் படித்தேன். என் தூக்க மாத்திரையில் பாதியை இரண்டு முறை கொடுத்தேன். ஸ்கேன் எடுக்கலாமா?

பதில்: ஸ்கேன் வேண்டாம். அவன் ஏன் கோபப்படுகிறான் என்று எந்தப் படமும் சொல்லாது. கதவை அறைவதையும் விடுங்கள். ஆத்திரத்துக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிவிடும்.

போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ‘நான் இல்லாமல் போனால்’ என்று, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. இன்றே தனியாக உட்கார்ந்து, ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவன் பேசும்போது குறுக்கே அறிவுரை வேண்டாம். ஆமாம் என்றாலோ மழுப்பினாலோ அன்றே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். எப்படி என்றுகூட யோசித்திருந்தால், தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரமே காட்டிவிடுங்கள். வீட்டு மாத்திரைகள் அத்தனையையும் பூட்டி வையுங்கள். உங்களுக்கு எழுதித் தந்ததைப் பிள்ளைக்குக் கொடுக்க யார் சொன்னது? இனி ஒரு துண்டுகூடக் கூடாது.

சரி, தாத்தாவைப் போல ஆகிவிடுவானோ என்ற பயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு ஆள் சுபாவம் வேறுபடுவதில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு காரணம் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். ஆனால் பிறப்போடு வருவது சட்டென்று சூடாகும் தன்மை. சூடானதும் கத்துவதா, எழுந்து போவதா என்பதில் வீட்டில் பார்த்துப் படிவதற்கும் பங்கு உண்டு. படிந்ததை மாற்ற முடியும்.

முர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் 1950களிலேயே நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துக் கவனித்தார். இருவருக்குள் பூசல் முற்றினால் மூன்றாமவர் உள்ளே இழுக்கப்படுவதை ‘முக்கோணம்’ என்றார். நீங்களும் கணவரும் முகம் கொடுக்காத நாட்களில், ‘சாப்பிட வரச் சொல்லு உங்கப்பாவை’ என்று மகன் வழியாகத்தான் பேச்சு நடக்கிறதா? அதை முதலில் நிறுத்துங்கள்.

இப்படி வீட்டாரையும் சேர்த்துக் கவனிக்கும் குடும்ப சிகிச்சையில் மூன்று தலைமுறையை வரைந்து, யார் யாரிடம் கத்தினார்கள், யார் ஒதுங்கினார்கள் என்று பார்ப்பார்கள். நாடித்துடிப்பு 100ஐத் தாண்டும் அளவுக்குச் சண்டை சூடேறிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது. அப்போது பேச்சை நிறுத்தி, குறைந்தது 20 நிமிடம் கழித்துத் தொடரப் பழக்குவார்கள். இதைப் பெரியவர்கள்தான் முதலில் செய்துகாட்ட வேண்டும். அதனால் மகனை மட்டும் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கணவர் வர மறுத்தால், நீங்களும் மகனுமாகப் போய்த் தொடங்குங்கள்.