வாசகர் கேள்வி-பதில்: கரும்பொருள் ஆராயத் தொலைநோக்கி வேண்டுமா?

எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கேலக்சிகள், கரும்பொருள் (ஒளிராமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. கல்லூரியில் நல்ல தொலைநோக்கி இல்லை. பிராஜெக்டுக்கு எதை எடுக்கலாம்?

மடிக்கணினி போதும். சுழற்சி வளைகோட்டை, அதாவது கேலக்சியின் மையத்திலிருந்து தூரம் கூடக்கூடச் சுற்றும் வேகம் எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தை எடுங்கள். 2016-இல் வெளியான ‘ஸ்பார்க்’ (SPARC) தரவுத்தொகுப்பில் 175 கேலக்சிகள் இருக்கின்றன, இலவசம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய கோப்பு: மையத்திலிருந்து தூரம், அளந்த வேகம், அதன் பிழை, பிறகு வாயு, விண்மீன்களாலான தட்டு, மையக் குமிழ் ஆகியவை தனித்தனியே தரும் வேகம். என்ஜிசி 3198-இல் தொடங்குங்கள். 30 கிலோபார்செக் (சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு) தாண்டியும் வேகம் வினாடிக்குச் சுமார் 150 கி.மீ.யிலேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியும் பொருள் மட்டும் இருந்தால் அது எப்போதோ இறங்கியிருக்க வேண்டும்.

தெரியும் பொருள் மொத்தமாகத் தரும் வேகத்தைக் காண, வாயு, தட்டு, குமிழ் தரும் வேகங்களைக் கூட்டக்கூடாது, அவற்றின் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். பலர் சறுக்குவது அதற்கடுத்த படியில். கோப்பிலுள்ள தட்டின் வேகம், நிறை-ஒளி விகிதம் (சூரியனை அலகாகக் கொண்டு, ஓர் அலகு ஒளிக்கு எவ்வளவு நிறை என்பது) 1 என்று வைத்துக் கணக்கிட்டது. 3.6 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியில் தட்டுக்கு 0.5, குமிழுக்கு 0.7 என்பதே வழக்கம். அந்த எண்ணால் வர்க்கத்தைப் பெருக்குங்கள். மறந்தால் தட்டு இருமடங்கு கனத்து, உட்பகுதியில் கரும்பொருளுக்கு இடமே இருக்காது.

சில கேலக்சிகளில் வாயுவின் வேகம் மைனஸில் இருக்கிறதே, கோப்பு தவறா?

கோப்பு சரிதான். நடுவில் ஹைட்ரஜன் குறைவாக இருந்தால், வெளியே வளையமாக உள்ள வாயு உள்ளிருப்பதை வெளிப்பக்கம் இழுக்கும். அதைக் காட்டத்தான் மைனஸ். அப்படியே வர்க்கப்படுத்தினால் குறி காணாமல் போய்விடும். வேகத்தை அதன் மட்டு மதிப்பால் பெருக்குங்கள்.

எந்தக் கேலக்சிகளை ஒதுக்கலாம்?

நமக்கு முகம் காட்டி நிற்பவற்றை. தட்டின் சாய்வுக் கோணம் (நேராக முகம் காட்டினால் 0, பக்கவாட்டில் தெரிந்தால் 90) 20 பாகையாக இருந்து அதில் 3 பாகை பிசகினால், வேகம் சுமார் 15 சதவீதமும் நிறை 30 சதவீதமும் பிசகும். 30 பாகைக்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடுங்கள். டிடிஓ 154 போன்ற குறுங்கேலக்சியை மட்டும் விடாதீர்கள்: வாயுவே மிகுதி என்பதால் நிறை-ஒளி விகிதம் அங்கே அவ்வளவாகத் தொல்லை தராது. கரும்பொருளின் அடர்த்தி நடுவில் கூர்முனையாக ஏறும் என்எஃப்டபிள்யூ (NFW) மாதிரி, நடுப்பகுதி தட்டையான மாதிரி இரண்டையும் அதில் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் ஒட்டும். பிஎச்.டி. நேர்முகத் தேர்வில் ஏன் என்று கேட்பார்கள்.

பிஎச்.டி.யில் சேர எந்தத் தேர்வு எழுத வேண்டும்?

ஜெஸ்ட் (JEST), கேட் (GATE), நெட் (NET) ஆகிய தேசியத் தேர்வுகள். எதை ஏற்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். புனேயிலுள்ள வானியல் ஆய்வு மையமான அயூகா (IUCAA), பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் இரண்டின் அறிவிப்பையும் அந்தந்த ஆண்டு பாருங்கள்.