பழைய எலக்ட்ரிக் கார் ஒன்றை வாங்கிப் பொழுதுபோக்காகச் சரிசெய்து ஓட்ட முடியுமா? எவ்வளவு செலவாகும்?

முடியும். பேட்டரியை மட்டும் கடைசியில் வாங்குங்கள். அவசரத்தில் இருக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். எலக்ட்ரிக் கார் என்பது பெரிய தொழில்நுட்பமாம், உள்ளூர் பம்புசெட் மெக்கானிக்கிடம் கொடுத்தால் வண்டி காயலான் கடைக்குத்தான் போகுமாம். நான் பம்புசெட் மெக்கானிக்தான். திருநெல்வேலி டவுணில் முப்பத்தொரு வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். அந்தப் பதிலைப் பார்க்காமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர் ஐ.டி.யில் வேலை பார்க்கிற தம்பியாக இருக்கும் என்று நினைக்கிறேன். யூடியூபில் வெள்ளைக்காரர் ஒருவர் பழைய காரைப் பிரித்து மாட்டி அரை மணி நேரத்தில் ஓட்டிக் காட்டியிருப்பார். அந்த அரை மணி நேரம் எனக்கு ஒன்றரை வருஷம்.

என்னுடையது 2004 மாடல் ரேவா, பெங்களூரில் செய்த சின்ன எலக்ட்ரிக் கார். 'இதெல்லாம் விண்டேஜா?' என்று கேட்கச் சிலர் வருவார்கள், தெரியும். அரசாங்கக் கணக்குப்படி ஐம்பது வயதான வண்டிதான் விண்டேஜ், ரேவா பெங்களூரில் விற்பனைக்கு வந்ததே 2001-ல்தான். அதற்கு முன்னால் 1993-லேயே கேரளாவில் சாலக்குடியில் லவ்பேர்ட் என்று இரண்டு பேர் உட்காரும் எலக்ட்ரிக் கார் செய்து காட்டினார்கள், அதை இப்போது கண்ணால் பார்ப்பதே கஷ்டம். நம் ஊர்க் கணக்குக்கு ரேவாதான் பாட்டன் வண்டி. லண்டனில் இதையே ஜி-விஸ் என்று பெயர் மாற்றி ஓட்டினார்கள்.

வண்டி பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவருடையது. எட்டு வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓட்டியிருக்கிறார். 2012-ல் நின்றுபோனது. ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். சென்னையில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கரண்டை நிறுத்தியபோது எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். கயத்தாறு, பணகுடி வழியாகப் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலை. வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. இந்தக் காருக்கு முழுச் சார்ஜ் ஏற எட்டு மணி நேரம் வேண்டும். ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகிற கரண்டில் லெட் ஆசிட் பேட்டரி ஒரு நாளும் நிறையாது. அரைகுறைச் சார்ஜிலேயே கிடந்தால் பிளேட்டில் வெள்ளையாக சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எதைச் செய்தாலும் கரையாது. எட்டு பேட்டரியும் ஒரே மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தன.

2021-ல் அவர் வீட்டுப் போர் மோட்டாரைக் கழற்றப் போனபோது ஷெட்டுக்குள் பார்த்தேன். முருங்கைக் குச்சி, பழைய கட்டில், அதற்கு அடியில் மஞ்சள் நிறத்தில் இது. தகரம் துருப்பிடித்திருக்கும் என்று தட்டிப் பார்த்தால் டப் டப் என்று பக்கெட்டைத் தட்டியது போலச் சத்தம். பாடி முழுக்க ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், நிறமே பிளாஸ்டிக்கில் கலந்தது, உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம். "தம்பி, ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லு" என்றார். ஓடும் என்றேன். இருபதாயிரத்துக்குக் கொடுத்தார்.

முதல் தப்பு மறுநாளே நடந்தது. ஆன்லைனில் லித்தியம் ஃபெரோ பாஸ்பேட் செல் பதினாறு ஆர்டர் போட்டேன். ஒன்று 3.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர். பதினாறைத் தொடர்ச்சியாக இணைத்தால் 51.2 வோல்ட், வண்டிக்கு வேண்டியது 48. ஆசை அறிவை மறைத்துவிட்டது. பழைய லெட் ஆசிட் பேட்டரி ஒன்றே முப்பது கிலோ பக்கம், எட்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட ஐந்து மூட்டை சிமெண்ட் கனம். செல் பதினாறும் சேர்ந்து ஒரு மூட்டைகூட வராது. வண்டி பறக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் வண்டி அசையவே இல்லை. வயரிங்கை எலி கடித்திருந்தது, பிரேக் சிலிண்டர் இறுகியிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க, செல் பெட்டி கடை மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. ஆறு மாதக் கேரண்டி முடிந்து சில வாரம் கழித்துத்தான் முதன்முதலில் அதற்கு லோடு கொடுத்துப் பார்த்தேன். 100 என்று ஒட்டியிருந்த செல்லில் 70-தான் இருந்தது. செல் எப்போது செய்தது என்று சொல்லும் கியூஆர் கோடு இருக்க வேண்டிய இடத்தைக் கீறி அழித்திருந்ததை அதற்கு அப்புறம்தான் கவனித்தேன். விற்றவருக்கு போன் போட்டால் 'தேதி பாருங்க சார்' என்றார். அதனால்தான் முதல் வரியிலேயே சொன்னேன். சோதனைக்கெல்லாம் நாலு பழைய இன்வெர்ட்டர் பேட்டரி போதும். நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன், இதில் மட்டும் கொஞ்சம் பெருமை உண்டு. இந்த மாடலில் இருப்பது டிசி மோட்டார், சுற்றி நிற்கும் ஃபீல்டு காயிலுக்குத் தனிச் சப்ளை, நடுவில் சுழலும் ஆர்மேச்சருக்குத் தனிச் சப்ளை. பின்னால் வந்த மாடலில் ஏசி மோட்டாராக மாற்றிவிட்டார்கள். 'பெரிய தொழில்நுட்பம்' என்று எழுதியவர் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். பழைய மில் மோட்டாரில் நான் சின்னப் பையனாக இருந்தபோது என்ன பார்த்தேனோ அதுதான் உள்ளே இருந்தது. காயில் பழுதைக் காட்டும் காந்தக் கருவியான குரோலரில் ஆர்மேச்சரை வைத்து, மேலே ஹாக்ஸா பிளேடைப் பிடித்து மெல்லச் சுற்றினேன். காயில் ஷார்ட்டாகியிருந்தால் அந்த இடத்தில் பிளேடு தடதடவென்று அதிரும். ஒரு சுற்று முழுக்கச் சுற்றியும் பிளேடு சும்மா கிடந்தது. காயில் தங்கம். கார்பன் பிரஷ் உரசிக் கரண்ட் கொடுக்கும் செம்பு உருளையான கம்முடேட்டர்தான் கருத்து, வரி விழுந்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவில் கார்பன் தூள் அடைத்துக் கிடந்தது. லேத்தில் பிடித்துக் கால் மில்லி மட்டும் சீவினேன். அப்புறம் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை, பல்லைச் சாய்த்துத் தேய்த்த ஹாக்ஸா பிளேடால் ஒவ்வொரு சந்தாகச் சுரண்டினேன். மைக்கா செம்பைவிட மேலே நின்றால் பிரஷ் குதிக்கும், குதித்தால் பொறி பறக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. புது பிரஷ் அளவு கிடைக்கவில்லை, பெரிய பிரஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்துச் சேர்த்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் இந்தக் காருக்கு இடம் ஒதுக்கவே பெரிய பாடு. காரணம், கட்டி முடித்த பதினோரு மோட்டார் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. கொடுத்துவிட்டுப் போனவர்கள் எடுக்க வருவதில்லை. 'அண்ணாச்சி, தண்ணி இல்லாம வாழை காயுது, நாளைக்கே வேணும்' என்று நின்றவர்கள்தான். ராத்திரி உட்கார்ந்து கட்டிக் கொடுத்தால், அதற்குள் மானியத்திலோ தவணையிலோ புது மோட்டார் இறக்கியிருப்பார்கள். ஒரு ஏழரை எச்.பி. மோட்டார் 2017-லிருந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் செம்பு என் காசு. தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு தாமிரக் கம்பிக்குக் கடன் கட்டுகிறேன். விற்றுவிடலாமே என்பார்கள். விற்ற மறுநாள் வந்து நிற்பார், அதுதான் பயம்.

சரி, கார். மோட்டாரை மாட்டியாயிற்று, பேட்டரி கொடுத்தாயிற்று, சாவி திருப்பினால் டேஷ்போர்டில் வெளிச்சம் வருகிறது, பெடலை மிதித்தால் ஒன்றும் இல்லை. பெடலுக்கு ஏற்ப மோட்டாருக்குக் கரண்ட் விடும் கண்ட்ரோலர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வெளியூர் போய் ஒரு இடத்தில் காட்டினேன். அட்டை எரிந்திருக்கிறது, மாற்ற அறுபத்தைந்தாயிரம் என்றார்கள். வேண்டாம் என்று திரும்பி வந்து மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் கடைப் பையனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சும்மா மிதிக்கச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரோடு பெடலுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்தேன். பெடல் மெக்கானிசத்தில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு மைக்ரோ ஸ்விட்ச். பெடல் லேசாக இறங்கியதும் அது மூடினால்தான் கண்ட்ரோலருக்கு உத்தரவு போகும். அதன் காலில் பச்சைக் களிம்பு. இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தேன், சீட்டுக்குக் கீழே டொக் என்று காண்டாக்டர், அதாவது மெயின் கரண்டைச் சேர்க்கும் பெரிய ஸ்விட்ச், இழுத்தது. பையன் பயந்து காலை எடுத்துவிட்டான். ரேடியோ சாமான் கடையில் அந்த ஸ்விட்ச் எண்பத்தைந்து ரூபாய்.

பதிவு பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். பதினைந்து வருஷம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். பேட்டரி வண்டிக்கு அந்தக் கட்டணம் கிடையாது என்று 2021 ஆகஸ்டிலேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. நான் போன ஆர்.டி.ஓ. ஆபீஸில் (எது என்று கேட்காதீர்கள், நாளைக்கு மறுபடி அங்கேதான் போகவேண்டும்) அது தெரியவில்லை. அதைவிட, புகைச் சான்றிதழ் கேட்டார்கள். "சார், இதுல சைலன்சரே கிடையாது" என்றேன். "அப்ப சைலன்சர் இல்லன்னு எழுதி வாங்கிட்டு வாரும்" என்றார். விதியைப் பிரிண்ட் எடுத்து, அடிக்கோடு போட்டு, மூன்றாவது தடவை போனபோது நடந்தது. டாடா ஏஸில் ஏற்றித்தான் கொண்டுபோனேன், ஓட்டிக்கொண்டு போகவில்லை. நம்பர் பிளேட் இப்போது பச்சை.

இனிச் சொல்லப்போவது தப்பு என்று எனக்கே தெரியும், கமெண்டில் வந்து சட்டம் சொல்லவேண்டாம். பேட்டரி வகையை மாற்றினால் அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல், காசு போட்ட செல் சும்மா கிடக்கிறதே என்ற ஆற்றாமையில், ஒரு ஞாயிறு விடியக்காலை லித்தியத்தை மாட்டி டவுணிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கிளம்பினேன். டாக்டரிடம் காட்டவேண்டும். வழியில் ஈரடுக்கு மேம்பாலம். 1973-ல் கட்டியது, அதற்கு ரேவாவும் ஒன்று லாரியும் ஒன்று. ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது, நானும் நின்றேன். பஸ் எடுத்தது, நான் மிதித்தேன், எல்லாம் அணைந்தது. அளவுக்கு மேல் கரண்ட் போனால் துண்டித்து செல்லைக் காக்கும் அட்டைக்குப் பெயர் பிஎம்எஸ், நான் போட்டிருந்தது 100 ஆம்பியர். ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது இந்த வண்டி 200-க்கு மேல் இழுக்கிறது, பிறகு கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தேன். பாதுகாப்புக்கு என்று வைத்ததுதான், தன் சோலியைச் சரியாகப் பார்த்துவிட்டது. ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் வண்டி பின்னால் உருள, ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து முட்டுக் கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி, பெட்ரோல் தீந்துட்டோ?"

"இதுக்கு பெட்ரோலே கிடையாதுடே."

"அப்ப எதுக்கு நின்னுச்சு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவரும் பால்காரர் ஒருவரும் சேர்ந்து டவுண் பக்கமே தள்ளி இறக்கிவிட்டார்கள்.

மறுவாரம் கடன் வாங்கி, கம்பெனியில் வந்தது போலவே ஆறு வோல்ட் லெட் ஆசிட் எட்டு வாங்கிப் போட்டேன். லித்தியம் ஆகாது என்று நான் சொல்லவில்லை. சரியான செல், வண்டி இழுக்கும் கரண்டைத் தாங்கும் பிஎம்எஸ், அதற்கான சார்ஜர், ஆர்.சி.யில் அனுமதி எல்லாம் இருந்தால் அருமையாக ஓடும். பழைய சார்ஜரை மட்டும் லித்தியத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது லெட் ஆசிட்டுக்குச் செய்தது, பதினாறு செல்லுக்கு 58.4 வோல்ட்தான் எல்லை, சார்ஜருக்கு அந்த எல்லை தெரியாது.

இன்னொன்று. 48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று விளையாடாதீர்கள். என் பதினாலு நம்பர் ஸ்பேனர் இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்து, ஒட்டிக்கொண்டு, எடுப்பதற்குள் நடுவில் சிவந்துவிட்டது. ஸ்பேனரின் கைப்பிடிக்கு சைக்கிள் டியூப் மாட்டுங்கள், மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஷெட் கதவைத் திறந்து வையுங்கள். பழைய வேட்டி கட்டிக்கொள்ளுங்கள், ஆசிட் பட்ட இடம் அடுத்த துவைப்பில்தான் தெரியும்.

டாக்டரைக் கடைசியில் அவர் தெருவிலேயே ஏற்றிக்கொண்டு மார்க்கெட் வரை போய் வந்தேன். ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, பின்சீட்டுக்கு அடியில் அவர் வைத்திருந்த குடை எங்கே என்று கேட்டார். அது எலி கடித்த குப்பையோடு போய்விட்டது, அதைச் சொல்ல மனசு வரவில்லை. புதுக்குடை ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

செலவு கேட்டிருந்தீர்கள். வண்டி 20,000. பிரேக் 11,000, டயர் 12,000, வயரிங் 6,000, லெட் ஆசிட் பேட்டரி எட்டும் 92,000, சில்லறை 9,000. ஆக ஒன்றரை லட்சம். மோட்டார் வேலைக்குக் கூலி போடவில்லை, நீங்கள் போடவேண்டியிருக்கும். முழுச் சார்ஜில் ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போகிறது. மிச்சம் பிடிக்கலாம் என்று இதில் இறங்குவதாக இருந்தால் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

லித்தியத்துக்கும் அதன் சார்ஜருக்கும் போன 1,22,000 இந்தக் கணக்கில் இல்லை. அதை இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டேன். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் எங்கள் தெருவில் என் கடையில் மட்டும் ஃபேன் சுற்றும். கட்டின மோட்டாரை எடுக்க வராதவர்களில் இரண்டு பேர் அதற்கு மட்டும் தவறாமல் வந்து உட்காருகிறார்கள்.