லேண்ட் டிரஸ்டில் வீட்டை வைத்தால் வழக்கும் வரியும் வராதா?

கேள்வி: இல்லினாய் மாநிலம் நேப்பர்வில்லில் மனைவி, இரண்டு குழந்தைகளுடன் வசிக்கிறேன். கிரீன் கார்டு இருக்கிறது. பெர்வினில் மாடியும் கீழுமாக இரண்டு குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டையும், புளோரிடாவின் டாம்பாவில் ஒரு தனி வீட்டையும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டும் என் பெயரில்தான். 2021இல் மூன்றேகால் சதவீத வட்டியில் வாங்கிய வங்கிக் கடன் இரண்டின் மீதும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்ற மாதம் ஒரு முதலீட்டுப் பயிலரங்குக்குப் போனேன். வீடுகளை லேண்ட் டிரஸ்டுக்கு மாற்றிவிட்டால் யாரும் வழக்குப் போட முடியாது, வரி குறையும், வங்கிக்கும் தெரியாது என்றார் பேச்சாளர். 3,000 டாலர் கட்டினால் பத்திரங்களைத் தயாரித்துத் தருவார்களாம். கோவையில் இருக்கும் அப்பாவைப் பயனாளியாகப் போட்டால் இன்னும் பாதுகாப்பு என்றும் சொன்னார்கள். செய்யலாமா?

பதில்: அந்த 3,000 டாலரைக் கட்டாதீர்கள். அப்பாவின் பெயரை எந்தக் காகிதத்திலும் எழுதாதீர்கள். லேண்ட் டிரஸ்ட் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது எதற்கு நல்லது என்பதை அந்தப் பேச்சாளர் உங்களிடம் சொல்லவே இல்லை. எதற்கு உதவாதோ அதைத்தான் விற்றிருக்கிறார்.

இந்த ஏற்பாட்டை நம்மவர்களிடம் விளக்கத் தொடங்கினால் முதலில் வரும் கேள்வி, “அப்படியானால் இது பினாமிதானே?” என்பதுதான். வெளிப்பார்வைக்கு அப்படித்தான் தெரியும். லேண்ட் டிரஸ்டில் வைத்தால், கவுன்டி பதிவேட்டில் வீட்டு உரிமையாளர் என்று, உங்களுக்காக வீட்டைத் தம் பெயரில் வைத்திருக்கும் டிரஸ்டியின் பெயர்தான் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. ஆனால் வாடகை வாங்குவதும், கூரையைச் சரிசெய்வதும், சொத்துவரி கட்டுவதும், எப்போது விற்பது என்று முடிவெடுப்பதும் பயனாளியான நீங்கள்தான். உங்கள் எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாமல் டிரஸ்டி ஒரு துரும்பையும் நகர்த்த முடியாது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் சட்டப்படி, பினாமி பெயரில் சொத்தை வைத்தவர் ‘இது என்னுடையது’ என்று நீதிமன்றத்தில் கேட்கவே முடியாது. இல்லினாயிலோ டிரஸ்ட் ஒப்பந்தம் முழுச் சட்டபூர்வமானது. டிரஸ்டி முரண்டு பிடித்தால் நீதிமன்றம் உங்கள் பக்கம் நிற்கும். சிகாகோவில் இந்த முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் மற்ற மாநிலத்தாரும் இதை ‘இல்லினாய் லேண்ட் டிரஸ்ட்’ என்றே அழைக்கிறார்கள்.

(தேடும்போது ஒரு குழப்பம் வரலாம். நிலத்தைச் சமூகத்தின் பொதுவுடைமையாக வைத்து எளியோருக்கு வீடு கொடுக்கும் அமைப்புகளுக்கும் இங்கே லேண்ட் டிரஸ்ட் என்ற பெயர் உண்டு. 1969இல் ஜார்ஜியாவில் கறுப்பின விவசாயிகளுக்காக அந்த வகையைத் தொடங்கியவர்களுக்கு வினோபா பாவேயின் கிராமதான இயக்கமும் ஒரு முன்மாதிரி. மகத்தான முயற்சி அது. உங்கள் கேள்விக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

டிரஸ்டில் வைத்தவுடன் சட்டத்தின் கண்ணில் உங்கள் பங்கு நிலமாக இருப்பதில்லை. அசையாச் சொத்து, அசையும் சொத்தாகிவிடுகிறது. இதன் உண்மையான பலன்கள் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் பிறக்கின்றன. நாளை உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இப்போதுள்ள நிலையில் உங்கள் மனைவி இல்லினாயில் ஒரு புரொபேட் வழக்கும் (இறந்தவரின் சொத்தை வாரிசுக்கு மாற்றும் நீதிமன்ற நடைமுறை) புளோரிடாவில் இன்னொன்றும் நடத்த வேண்டியிருக்கும். இரண்டு வழக்கறிஞர்கள், இரண்டு நீதிமன்றங்கள், பல மாதக் காத்திருப்பு. டிரஸ்ட் ஒப்பந்தத்தில் ‘எனக்குப் பின் என் மனைவி, அவருக்குப் பின் பிள்ளைகள்’ என்று வாரிசுப் பயனாளிகளை எழுதிவைத்தால் நீதிமன்றம் போகாமலே உரிமை கைமாறும். புளோரிடாவிலும் லேண்ட் டிரஸ்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. ஆனால் அங்கே பயனாளியின் பங்கு அசையும் சொத்து என்று பத்திரத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். எல்லா மாநிலங்களுக்கும் ஒரே படிவம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும். நண்பர்கள் கூட்டாக வாங்கும் வீட்டுக்கும் இந்த முறை பொருந்தும். ஒருவர் விலகினால் புதுக் கிரயப் பத்திரம் வேண்டாம், பங்கை மட்டும் எழுதிக்கொடுத்தால் போதும்.

இனி பேச்சாளர் சொன்னவை. வழக்கு வராது என்பது தவறு. ஜனவரிப் பனியில் பெர்வின் வீட்டுப் படிக்கட்டில் வாடகைதாரர் வழுக்கி விழுந்தால், அவருடைய வழக்கறிஞர் டிரஸ்டிக்கு நோட்டீஸ் அனுப்புவார், நீதிமன்றம் கேட்கும், உங்கள் பெயர் வெளியே வரும். வீட்டை நிர்வகிப்பவர் நீங்கள் என்பதால் பொறுப்பும் உங்களுடையதுதான். கட்டட அனுமதி, உரிமம் என்று அரசு அலுவலகத்தில் விண்ணப்பித்தாலே பயனாளி யார் என்று சொல்லியாக வேண்டும். வேலையற்றுப் பதிவேட்டைப் புரட்டுபவரின் கண்ணிலிருந்து மட்டும் இந்த மறைப்பு உங்களைக் காக்கும். வழக்கிலிருந்து காப்பது காப்பீடும், உரிமையாளரின் சொந்தச் சொத்தைத் தனியே பிரித்துவைக்கும் நிறுவன வடிவமான எல்.எல்.சி.யை முறையாக நடத்துவதும்தான்.

வரி ஒரு காசு குறையாது. வாடகையை இன்று எந்தப் படிவத்தில் காட்டுகிறீர்களோ அதே ஷெட்யூல் ஈயில்தான் நாளையும் காட்டுவீர்கள். தேய்மானமும் அதே 27.5 ஆண்டுக் கணக்குதான். ஒரு நிம்மதி: அசையும் சொத்தாகிவிட்டதே, பின்னாளில் 1031 பரிமாற்றம் (முதலீட்டு வீட்டை விற்று வேறொன்று வாங்கி, லாபத்தின் மீதான வரியைத் தள்ளிப்போடும் வழி) செய்ய முடியாதோ என்று அஞ்ச வேண்டாம். இல்லினாய் லேண்ட் டிரஸ்ட் பங்கை அந்தப் பரிமாற்றத்துக்கு நிலமாகவே கருதலாம் என்று வருமானவரித் துறை 1992இலேயே விளக்கிவிட்டது.

என்னைக் கோபப்படுத்துவது ‘வங்கிக்குத் தெரியாது’ என்ற வாக்கியம்தான். உங்கள் கடன் பத்திரத்தில் ‘டியூ ஆன் சேல்’ என்றொரு பிரிவு இருக்கும். வீட்டின் உரிமை கைமாறினால் மொத்தக் கடனையும் உடனே கேட்கும் உரிமையை அது வங்கிக்குத் தருகிறது. 1982ஆம் ஆண்டின் கார்ன்-செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் இதற்குச் சில விலக்குகளைக் கொடுத்தது. ஐந்துக்கும் குறைவான குடியிருப்புகள் உள்ள வீட்டைக் கடனாளி தாமே பயனாளியாகத் தொடரும் டிரஸ்டுக்கு மாற்றினால், குடியிருக்கும் உரிமையும் கைமாறாதிருந்தால், வங்கி கடனைத் திருப்பிக் கேட்க முடியாது. பயிலரங்குகளில் இதுவரைதான் சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிமுறை, கடனாளி குடியிருக்கும் வீட்டைப் பற்றிப் பேசுகிறது. நீங்கள் இரண்டு வீடுகளிலும் குடியிருக்கவில்லை. ஆகவே இந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்கும் என்று உறுதியாக நம்பி இறங்க முடியாது. மூன்றேகால் சதவீதக் கடன் இன்று உங்களிடம் உள்ள பெரிய சொத்து. அதை இழந்து இன்றைய வட்டிக்குப் புதுக் கடன் எடுத்தால் வாடகை தவணைக்கே போதாது.

மறைப்பதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. வீடு டிரஸ்டியின் பெயருக்கு மாறியதும் வீட்டுக் காப்பீட்டிலும் டிரஸ்டியின் பெயரைச் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால், பாலிசியில் கடன் கொடுத்தவராக வங்கியின் பெயரும் இருப்பதால், திருத்திய பிரதி வங்கிக்குப் போய்விடும். வங்கிக்குத் தெரியக் கூடாது என்று காப்பீட்டு நிறுவனத்திடமும் மறைத்தால், தீப்பிடித்த அன்று ‘எங்கள் பதிவில் உரிமையாளர் வேறொருவர்’ என்று இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். ஒரு பொய்யைக் காப்பாற்ற வீட்டையே பணயம் வைக்க வேண்டுமா?

நேர்வழி அவ்வளவு கடினம் இல்லை. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனம் உங்கள் கடனை வாங்கியிருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தே பார்க்கலாம். 2016 ஜூன் 1 முதல் ஃபேனி மே வாங்கிய கடன்களில், கடனாளியின் கட்டுப்பாட்டில் உள்ள எல்.எல்.சி.க்கு வீட்டை மாற்ற அதன் விதிகள் இடம் தருகின்றன. உங்களுடையது 2021இல் எடுத்த கடன். எது செய்தாலும் கடனை வசூலிக்கும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் ‘பரவாயில்லை’ என்று சொன்னது கணக்கில் வராது.

அப்பாவின் விஷயம் உண்மையிலேயே ஆபத்தானது. அவரைப் பயனாளி ஆக்குவது அவருக்கு வீட்டைப் பரிசாகக் கொடுப்பதற்குச் சமம். மதிப்பு ஆண்டு வரம்பைத் தாண்டுவதால் நீங்கள் பரிசுவரிப் படிவம் 709ஐத் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவரின் அமெரிக்கச் சொத்துக்கு மரணவரி விலக்கு வெறும் 60,000 டாலர்தான். அதற்கு மேல் 40 சதவீதம் வரை வரி உண்டு. இந்தியாவுடன் இதற்கு ஒப்பந்தமும் கிடையாது. அவர் காலத்துக்குப் பின் உங்கள் பணத்தில் வாங்கிய வீட்டுக்கு உங்கள் குடும்பமே மரணவரி கட்டும் நிலை வரும். அவர் இருக்கும்போதே விற்றால் விலையில் 15 சதவீதத்தை வரிக்காக முன்கூட்டியே பிடித்துக்கொள்வார்கள். கோவையில் அவர் தம் வருமானவரிக் கணக்கில் இந்த வெளிநாட்டுச் சொத்தைக் காட்டத் தவறினால், 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஓய்வுக்காலத்தில் அவருக்கு இந்தச் சுமை எதற்கு?

முதல் வேலையாகக் காப்பீட்டு முகவரை அழைத்து இரண்டு வீடுகளின் பொறுப்புக் காப்பீட்டு வரம்பை உயர்த்துங்கள். அதற்கு மேல் பத்து லட்சம் டாலருக்கு ஒரு அம்ப்ரெல்லா பாலிசி எடுங்கள். பயிலரங்குக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதன் ஆண்டுப் பிரீமியம் சிறியது. வங்கியின் பதில் வந்த பிறகு, இல்லினாயிலும் புளோரிடாவிலும் உரிமம் உள்ள வழக்கறிஞர்களைக் கொண்டு டிரஸ்ட் எழுதலாம். பயனாளி நீங்கள், வாரிசுப் பயனாளி உங்கள் மனைவி. டிரஸ்டியாக ஒரு நிறுவனத்தை வைத்தால் ஆண்டுக்குச் சில நூறு டாலர் கட்டணம் ஆகும். வீட்டை மாற்றும் முன்பே டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டின் உரிமையில் சிக்கல் வந்தால் ஈடுகட்டும் காப்பீடு) நிறுவனத்திடம் சொல்லி, பழைய பாலிசி டிரஸ்டிக்கும் தொடரும் என்று ஒப்புதல் வாங்குங்கள்.

கையெழுத்திட்ட அன்றே ஒப்பந்தத்தின் ஒரு பிரதியை மனைவியிடம் கொடுத்து, டிரஸ்டியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சொல்லிவையுங்கள். கணவர் இறந்து ஏழு மாதம் கழித்து என்னிடம் வந்த ஒரு அம்மையார், தங்களுக்கு ஒரு வாடகை வீடு இருப்பது தெரியும், ஆனால் அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரியவில்லை என்றார். பதிவேட்டில் அவர் கணவரின் பெயர் எங்கேயும் இல்லை.