வலையோரம் சும்மா நின்றவர்

கேள்வி: இந்தோனேசியப் பூப்பந்து வீரர் ஹெண்ட்ரா செத்தியவானை ‘டபுள்ஸ் மேதை’ என்று இந்தப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். நானும் அவருடைய ஆட்டங்களைப் பார்த்தவன்தான். ஸ்மாஷ் அடித்து ஜெயித்துக் கொடுத்ததெல்லாம் அவருடைய பார்ட்னர்கள்; முதலில் மார்கிஸ் கிடோ, அப்புறம் முகமது அஹ்சான். இவர் வலையோரம் சும்மா நின்று பெயர் வாங்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய மேதை ரியோ ஒலிம்பிக்கில் முதல் சுற்றையே தாண்டாதது ஏன்? நாற்பது வயது வரை இளையவர்களின் இடத்தைப் பிடித்து வைத்திருந்தது என்ன நியாயம்?

வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: முதலில் ஒரு சின்னத் திருத்தம். பூப்பந்து என்பது கம்பளி நூல் உருண்டையை வைத்து, பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடும் நம் ஊர் ஆட்டம். ஹெண்ட்ரா ஆடியது இறகுப்பந்து. பத்திரிகைகளே இரண்டையும் போட்டுக் குழப்புகின்றன, உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மற்றபடி உங்கள் கேள்வியில் குறை சொல்ல நிறைய இருக்கிறது.

‘வலையோரம் சும்மா நின்றார்’ என்கிறீர்கள். இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமைக் குழுக்களில் யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவரை, “சார், நீங்க நெட்ல நின்னுக்கோங்க” என்று முன்னால் தள்ளிவிடுவார்கள். (எங்கள் குழுவில் அந்த சார் நான்தான்.) அதனால் வலையோரம் என்றாலே ஓய்வெடுக்கிற இடம் என்று மனதில் பதிந்துவிட்டது. சர்வதேச டபுள்ஸில் முன்னால் நிற்பவருக்குத்தான் நேரம் குறைவு. எதிராளி அடித்த ஷட்டில் பின்னால் நிற்பவரிடம் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் வேகம் இழந்துவிடும்; முன்னால் நிற்பவருக்கு அது முழு வேகத்தில் முகத்துக்கு நேராக வரும்.

அங்கே ஹெண்ட்ரா என்ன செய்தார்? எதிராளி சர்வீஸ் போடுகிறார். டபுள்ஸில் சர்வீஸ் வலையின் மேல் விளிம்பை உரசுகிற மாதிரித் தாழ்வாகத்தான் வரும். ஹெண்ட்ரா ராக்கெட்டை உயர்த்திப் பிடித்தபடி சர்வீஸ் கோட்டை ஒட்டி நிற்பார். ஷட்டில் வலைக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே அதைத் தொட்டு, மெதுவாக ஒரு தள்ளு. அது எங்கே போகும் என்பதில்தான் விஷயம். சர்வீஸ் போட்டவரைத் தாண்டிவிடும், பின்னால் நிற்கும் அவருடைய கூட்டாளியிடம் முழுசாகப் போய்ச் சேராது, பக்கக் கோட்டை ஒட்டி இருவருக்கும் நடுவில் விழப்போகும். நீ எடு, நான் எடுக்கிறேன் என்று இருவரும் யோசிக்கிற அரை நொடியில் ஷட்டில் இடுப்புக்குக் கீழே இறங்கியிருக்கும். இனி மேலே தூக்கிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படித் தூக்கிக் கொடுத்ததைத்தான் பின்னாலிருந்து அஹ்சான் எகிறிக் குதித்து அடிப்பார். நீங்கள் கைதட்டியது அந்த அடிக்கு. கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றியவர் முகம் நினைவிருக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியவர் முகம் யாருக்கும் தெரியாது.

ஸ்மாஷ்தான் எல்லாம் என்றால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கம் சீனாவின் ஃபூ ஹைஃபெங் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். 2005லேயே மணிக்கு 332 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்துப் பதிவானவர் அவர். இறுதிப் போட்டி அவருடைய சொந்த நாட்டில், சொந்த ரசிகர்கள் முன்னால். முதல் கேமை அவரும் சாய் யுன்னும் 21-12 என்று சுருட்டி எடுத்தார்கள். அடுத்த இரண்டையும் கிடோவும் ஹெண்ட்ராவும் 21-11, 21-16 என்று எடுத்துக்கொண்டார்கள். அடிப்பதற்கு வாகாக ஷட்டில் மேலே வந்தால்தானே அடிக்க முடியும்?

சரி, பார்ட்னர் புண்ணியம் என்ற பேச்சுக்கு வருவோம். கிடோவும் ஹெண்ட்ராவும் 1984 ஆகஸ்டில் இரண்டு வார இடைவெளியில் பிறந்தவர்கள். கிடோ ஜகார்த்தாவில், ஹெண்ட்ரா மத்திய ஜாவாவின் கடற்கரை ஊரான பெமலாங்கில். கிடோ குட்டையான, கட்டையான உடம்பு. ஆனால் பின்னாலிருந்து அவர் அடிக்கும் அடி இடி. ஹெண்ட்ரா நெட்டை, முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. இந்த ஜோடி 2007ல் கோலாலம்பூரில் உலக சாம்பியன், 2008ல் ஒலிம்பிக் சாம்பியன், 2010ல் குவாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம். அந்தக் குவாங்சோ இறுதியில் மலேசியாவின் கூ கியென் கியெட், டான் பூன் ஹியோங் ஜோடியிடம் முதல் கேமை இழந்து, இரண்டாவதை 26-24, மூன்றாவதை 21-19 என்று இழுத்துப் பிடித்து வென்றார்கள். அப்புறம் சரிவு. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை. அந்த ஜோடி அத்துடன் முடிந்தது.

அங்கேயே ஹெண்ட்ரா காணாமல் போயிருந்தால் உங்கள் வாதம் நின்றிருக்கும். அவர் போய்ச் சேர்ந்தது அஹ்சானிடம். அதுவரை அஹ்சானின் பார்ட்னர் யார் தெரியுமா? கிடோவின் சொந்தத் தம்பி போனா செப்தானோ. அந்த ஜோடி உலகத் தங்கம் எதையும் எடுக்கவில்லை. ஹெண்ட்ரா வந்த மறு வருடமே, 2013ல், அஹ்சான் உலக சாம்பியன். அந்த இறுதியில் தோற்ற டென்மார்க் ஜோடியில் ஒருவர் மத்தியாஸ் போ. பின்னாளில் நம் சாத்விக், சிராக் ஜோடிக்குப் பயிற்சியாளராக வந்தாரே, அவரேதான். 2014ல் இறகுப்பந்தின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்தில் பட்டம், அதே வருடம் இஞ்சியானில் ஆசிய விளையாட்டுத் தங்கம், 2015ல் ஜகார்த்தாவிலேயே மறுபடி உலகப் பட்டம். இரண்டு பார்ட்னர்களோடு உலகப் பட்டம், இரண்டு பார்ட்னர்களோடு ஆசிய விளையாட்டுத் தங்கம். இரண்டு கணக்கிலும் பொதுவாக இருக்கிற ஆள் ஒருவர்தான்.

உங்கள் பக்கம் இருக்கிற ஒரு நல்ல ஆதாரத்தை நீங்களே கவனிக்கவில்லை. நான் எடுத்துத் தருகிறேன். ரியோவுக்குப் பிறகு இருவரும் பிரிந்தார்கள். ஹெண்ட்ரா தேசியப் பயிற்சி முகாமை விட்டு வெளியேறி, குவாங்சோ இறுதியில் தான் தோற்கடித்த அதே டான் பூன் ஹியோங்கோடு 2017ல் ஆடினார். ஒரு ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிப் போட்டி வரை போனதுதான் மிச்சம், பட்டமில்லை. அதே வருடம் அஹ்சானோ, ரியான் அகுங் சபுத்ரோ என்ற இளைஞரோடு உலகப் போட்டியின் இறுதி வரை போய் வெள்ளி வாங்கினார். ஆக, அந்த ஒரு வருடத்தில் அஹ்சான்தான் மேலே இருந்தார். அஹ்சானும் சாதாரண ஆள் இல்லை, இதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. மேதை என்றுதான் எழுதினேன். எல்லாக் காலத்திலும் முதல்வர் என்று எழுதவில்லை. அந்தப் பட்டத்துக்குப் போட்டி போட ஃபூ ஹைஃபெங்குக்கும் உரிமை உண்டு: நான்கு உலகப் பட்டங்கள், 2012லும் 2016லும் இரண்டு வெவ்வேறு பார்ட்னர்களோடு இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள்.

ரியோ. அது முதல் சுற்று அல்ல, குழுச் சுற்று. ஹெண்ட்ராவும் அஹ்சானும் நம் மனு அத்ரி, சுமீத் ரெட்டி ஜோடியை வென்றார்கள், ஜப்பான் ஜோடியிடமும் சீன ஜோடியிடமும் தோற்று வெளியேறினார்கள். மோசமான தோல்விதான், சமாதானம் சொல்ல மாட்டேன். ஆட்டம் வேகமாகிக்கொண்டிருந்த காலம், இவர்கள் மந்தமாகத் தெரிந்தார்கள். அன்றைக்கு நீங்கள் இந்தக் கேள்வியை அனுப்பியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

2018ல் இருவரும் மறுபடி சேர்ந்தபோது ஹெண்ட்ராவுக்கு 33. இருவருமே பிள்ளை குட்டிக்காரர்கள் என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர் ‘டாடீஸ்’. அந்தக் காலத்தில் உலகத் தரவரிசையின் உச்சியில் இருந்ததும் இந்தோனேசிய ஜோடிதான்: மார்கஸ் கிடியோன், கெவின் சஞ்சயா, செல்லப் பெயர் ‘மினியன்ஸ்’. இந்த கிடியோனைக் கொஞ்ச காலம் தன் பார்ட்னராக வைத்துக்கொண்டு 2013ல் பிரெஞ்ச் ஓப்பன் வென்றவர் நம் கிடோ. அப்படி வந்த பையன் இப்போது கிடோவின் பழைய பார்ட்னரை இறுதிப் போட்டிகளில் தொடர்ந்து தோற்கடித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் 2019ன் பெரிய பட்டங்கள் யாருக்குப் போயின? மார்ச்சில் ஆல் இங்கிலாந்து. அரையிறுதியில் ஹெண்ட்ராவுக்குக் கெண்டைக்காலில் அடி. இறுதியில் முதல் கேமை 11-21 என்று விட்டார்கள். அதன் பிறகு கால் ஓட வேண்டாத ஆட்டம் ஒன்றை ஆடி 21-14, 21-12 என்று மலேசியாவின் ஆரோன் சியா, சோ வூய் யிக் ஜோடியை வென்றார்கள். ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசெலில் உலகப் பட்டம். டிசம்பரில் வருடக் கடைசியின் உலக டூர் ஃபைனல்ஸ். மினியன்ஸ் ஜோடியோ கடைசி வரை உலகப் பட்டம் வாங்கவே இல்லை.

பாசெல் இறுதி நடந்தது 2019 ஆகஸ்ட் 25. அன்று ஹெண்ட்ராவுக்கு 35ஆவது பிறந்தநாள். நமக்கு அந்தத் தேதி வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். அதே நாளில், அதே அரங்கில்தான் பி.வி. சிந்து ஜப்பானின் ஒகுஹாராவை 21-7, 21-7 என்று ஊதித் தள்ளி உலக சாம்பியன் ஆனார். நாம் எல்லோரும் சிந்துவைக் கொண்டாடிக்கொண்டிருந்தோம், ஹெண்ட்ராவைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நீங்கள் பார்த்ததாகச் சொல்லும் ஆட்டங்களில் இது இருக்காது என்று நினைக்கிறேன்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 37ஐத் தொடப்போகிற வயதில், அரையிறுதி வரை போய் நான்காவது இடம். அரையிறுதியில் வென்ற தைவான் ஜோடி அங்கே தங்கம் வாங்கி, பாரிஸிலும் இன்னொன்று வாங்கியது.

கடைசியாக, இளையவர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டார் என்பது. 2021ல் டென்மார்க்கின் ஆர்ஹஸில் தாமஸ் கோப்பை, அதாவது நாடுகளுக்கு இடையிலான ஆண்கள் அணிப் போட்டி. 19 வருடத்துக்குப் பிறகு இந்தோனேசியா வென்றது, கேப்டன் ஹெண்ட்ரா. சீனாவுக்கு எதிரான இறுதியில் டபுள்ஸ் ஆடியவர்கள் ஃபஜார் அல்ஃபியான், ரியான் அர்தியாந்தோ என்ற இளைய ஜோடி. 3-0 என்று ஆட்டம் முடிந்தது, கேப்டன் கோர்ட்டில் இறங்கவே இல்லை. இதுவா இடத்தைப் பிடித்துக்கொள்வது? 2022 ஆல் இங்கிலாந்து இறுதியில் ஹெண்ட்ராவையும் அஹ்சானையும் வென்றது பகாஸ் மௌலானா, ஷோகிபுல் ஃபிக்ரி என்ற இந்தோனேசிய இளைஞர்கள். 2023ல் வென்றது அதே ஃபஜாரும் ரியானும். டில்லியிலும் இப்படி ஒன்று நடந்தது: 2022 ஜனவரியில் இந்தியா ஓப்பன் இறுதியில் சாத்விக்கும் சிராக்கும் வென்றது டாடீஸ் ஜோடியைத்தான், இரண்டாவது கேம் 26-24. இளையவர்களுக்கு இடம் வேண்டுமென்றால் இந்த இருவரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அவர்களும் தாண்டிப் போனார்கள்.

2023 இறுதியைப் பற்றி இன்னும் ஒரு வரி. இரண்டாவது கேம் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தபோது அஹ்சானுக்குக் காலில் அடிபட்டது. விலகிக்கொண்டிருக்கலாம். எதிரில் நிற்பவர்கள் வென்றார்கள் என்று இருக்கட்டும் என நொண்டியபடியே கோர்ட்டுக்குத் திரும்பி, மிச்சமிருந்த புள்ளியை ஆடி முடித்துத்தான் தோற்றார். பக்கத்தில் நின்றவர் முகத்தில் அன்றும் பெரிய சலனமில்லை. 2025 ஜனவரியில் ஜகார்த்தாவில் நடந்த இந்தோனேசியா மாஸ்டர்ஸோடு இருவரும் சேர்ந்தே ராக்கெட்டை வைத்தார்கள்.

அந்த விடைபெறலைப் பார்க்க கிடோ இல்லை. 2021 ஜூன் 14 அன்று, தங்கெராங்கில் ஒரு கோர்ட்டில் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்துபோனார். வயது 36.

பாசெல் இறுதியைத் தேடிப் பாருங்கள்: 25-23, 9-21, 21-15. ஷட்டிலைப் பார்க்காமல் ஹெண்ட்ராவின் ராக்கெட் முனையை மட்டும் பாருங்கள். நடுவில் அந்த 9-21ஐயும் தள்ளிவிட வேண்டாம். உங்கள் கட்சிக்கு அதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.