தோணி வலிக்கும் பிள்ளைக்குக் கயாக் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு நாவற்குடாவில் இருக்கிறோம். மகளுக்கு 14 வயது. மாமாவின் தோணியில் போய்ப் போய் நன்றாக வலிக்கப் பழகிவிட்டாள். இப்போது போட்டிகளுக்குப் போக வேண்டும் என்கிறாள். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்ட பிளாஸ்டிக் கயாக் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? தேசியச் சங்கத்தில் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது? வாவியில் பயிற்சி செய்யலாமா?

பதில்: அந்தக் கயாக்கை இப்போதைக்கு விடுங்கள். கவிழ்ந்து பழகவும் சும்மா ஒரு சுற்றுப் போய்வரவும் அது நல்ல சாமான்தான். ஆனால் நேர்கோட்டு வேகப் போட்டிக்கான கயாக் வேறு சாதி. ஒருவர் ஓட்டும் படகு 5.2 மீற்றர் வரை நீளம், எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது, அகலமோ ஆள் உட்கார மட்டுமட்டாக இருக்கும். பழகாதவர் ஏறி உட்கார்ந்ததுமே கவிழ்ந்துவிடும். அகலமான பிளாஸ்டிக் படகில் எவ்வளவு காலம் ஓடினாலும் அந்தச் சமநிலை வராது.

அதைவிட முக்கியமானது, இந்தப் பிள்ளைக்குக் கயாக்தான் வேண்டுமா என்பது. கயாக்கில் உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தகடுள்ள துடுப்பால் மாறி மாறி வலிப்பார்கள். கனோ என்பது இன்னொரு வகைப் போட்டிப் படகு; அதில் ஒரு முழங்காலை ஊன்றி நின்று, ஒற்றைத் தகட்டுத் துடுப்பால் ஒரே பக்கத்தில் வலிக்க வேண்டும். சுக்கானும் கிடையாது. ஒரே பக்கம் வலித்தால் படகு மற்றப் பக்கம் திரும்பத்தானே பார்க்கும்? ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் மணிக்கட்டை மெல்லத் திருப்பி, தகட்டால் தண்ணீரை வெளிப்பக்கம் தள்ளித்தான் அதை நேராக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவதற்குள் பயிற்றுநருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். தோணியில் வளர்ந்த பிள்ளைக்கு அது ஏற்கெனவே கையில் இருக்கும். அவளைத் தோணியின் பின்பக்கத்தில் இருத்தி, பக்கம் மாற்றாமல் ஒரு நூறு மீற்றர் நேராக வலிக்கச் சொல்லிப் பாருங்கள். தோணி கோணாமல் போனால் கனோப் பக்கமே திருப்பிவிடுங்கள்.

பெண்பிள்ளைகளுக்குக் கனோ இருக்கிறதா என்று நினைப்பீர்கள். 2016 றியோ வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கயாக் மட்டும்தான். ஆண்களுக்கு 1936 பேர்லினிலேயே கிடைத்த கனோப் போட்டி, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்குக் கிடைத்தது. எண்பத்தைந்து வருடம் காக்கவைத்திருக்கிறார்கள்! வேகப் போட்டியில் தனியாக 200 மீற்றர், இருவராக 500 மீற்றர் என்று அங்கே ஓடினார்கள். புதிய பிரிவு என்பதால், இப்போது தொடங்கும் பிள்ளைக்கு முன்னுக்கு வர இடம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அடுத்தது சங்கம். நம் நாட்டில் தேசிய விளையாட்டுச் சங்கங்கள் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. தேசியப் போட்டி நடத்துவதும் அணி தெரிவதும் அவற்றின் வேலை. அன்றாடம் பிள்ளையைப் பழக்குவது கழகத்தின் வேலை. ஆகவே தனியாகக் கடிதம் போடுவதைவிட, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரைச் சேர்த்துக் கழகமாகப் போனால் பேச்சு எடுபடும். முதலில் மண்முனை வடக்குப் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். அப்புறம் சங்கத்திடம் கேளுங்கள்: பெண்களுக்கான இளையோர் கனோப் பிரிவு இந்த முறை உண்டா? போட்டி நடக்கும் இடத்தில் படகு இரவல் தருவார்களா? இந்த இரண்டாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். ஐந்து மீற்றர் படகை வான் வண்டியின் கூரையில் கட்டி, வெளியூர் போய்த் திரும்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. இன்னொன்று, பின்புறம் பார்த்து உட்கார்ந்து வலிக்கும் ரோயிங்குக்குத் தனிச் சங்கம் இருக்கிறது. அங்கே போய் நிற்காதீர்கள்.

நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், உயிர்காப்பு அங்கி போட வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. போட்டிப் படகு கவிழ்ந்தால் நடுத்தண்ணீரில் திரும்ப ஏறுவது மிகவும் கடினம், படகைப் பிடித்தபடி கரைக்கு நீந்தி வர வேண்டியதுதான். ஆகவே கரையோரமாகவே ஓடட்டும், கூட ஒரு தோணியும் போகட்டும்.

வாவி பயிற்சிக்கு நல்ல இடம், ஆனால் நேரம் பார்த்து இறங்க வேண்டும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறுவதற்குள் கரையேறிவிடுங்கள். மாரியில் முகத்துவாரம் வெட்டிய நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம், தண்ணீர் கடலுக்கு இழுக்கும். கண்டல் ஓரங்களில் முதலை உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நன்றாக விடிந்த பிறகு இறங்குங்கள், எந்தப் பக்கம் கண்டார்கள், வலை எங்கே கட்டியிருக்கிறது என்பதையெல்லாம் அன்றன்றைக்கு மீனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் படகின் பின்பக்கம் அமிழ்ந்து, யாரோ பிடித்து இழுப்பதுபோல் கனக்கும். பிள்ளை எவ்வளவு வலித்தாலும் வேகம் வராது. அங்கே நிறுத்தற் கடிகாரத்தை வெளியே எடுக்காதீர்கள், ஆழமான பக்கத்தில் ஓடவிட்டு நேரம் பாருங்கள்.