நாலரை வயசுப் பொண்ணு பென்சில முஷ்டியா பிடிச்சு எழுதுறா, மிஸ் தினமும் டைரில எழுதி விடுறாங்க, எப்படி மாத்துறது?

என் பையன் எல்கேஜில இருந்தப்போ இதே கதைதாங்க. கத்திய பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிப்பான், பேப்பர் கிழியுற அளவுக்கு அழுத்துவான், நாலு வரி எழுதுறதுக்குள்ள கை வலிக்குதும்மான்னு அழுவான், நான் விரல மடக்கி மடக்கி வெச்சு விடுவேன், அஞ்சு நிமிஷத்துல பழையபடி ஆயிடும்.

பொண்ண திட்டாதீங்க ப்ளீஸ். மணிக்கட்டுல இருக்குற 8 குட்டி எலும்பும் பொறக்குறப்போ வெறும் குருத்தெலும்புதான், இந்த வயசுல பாதி கூட முழுசா எலும்பாகி முடிஞ்சிருக்காது. விரல் நுனிய மட்டும் அசைச்சு எழுதுறது நிறைய பிள்ளைங்களுக்கு 5, 6 வயசுலதான் வரும்.

எங்களுக்கு கை கொடுத்தது பல்லாங்குழி. அம்மா ஊர்லருந்து கொண்டு வந்தாங்க. ஒரு குழில இருக்குற புளியங்கொட்டைய மொத்தமா அள்ளி உள்ளங்கைல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா விரல் நுனிக்கு கொண்டு வந்து போடணும்ல, அப்போ சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி மிச்சத்த தாங்கும், கட்டைவிரலும் மத்த ரெண்டும் வேலை செய்யும், எழுதுறப்பவும் கை இப்படித்தான் பிரிஞ்சு வேலை செய்யணும். முதல்ல எல்லாத்தையும் கொட்டிடுவான், அதனால ரெண்டே கொட்டைல ஆரம்பிச்சோம். வீட்ல கைக்குழந்தை இருந்தா மட்டும் ஜாக்கிரதை, வாயில போட்டுரும்.

அப்புறம் முருங்கைக்கீரை ஆயுறது, துணி கிளிப் மாட்டுறது, கோலமாவுல புள்ளி வைக்கிறது, எல்லாமே விரலுக்கு வேலைதான், நீங்க செய்யுறப்போ பக்கத்துல உக்கார வெச்சாலே போதும்.

நீள பென்சில கொஞ்ச நாள் எடுத்து வெச்சிடுங்க. கிரேயான், சாக்பீஸ உடைச்சு ஒரு இன்ச் துண்டா குடுங்க, முஷ்டில பிடிக்க இடமே இருக்காது, தானா விரல் நுனிக்கு வந்துரும். போர்ட சுவத்துல மாட்டி நின்னுக்கிட்டே கிறுக்க விடுங்க, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் பலம் வரும். எழுத்துல கூட ட, ப, ம மாதிரி நேர்கோடு இருக்குறத முதல்ல எழுத விட்டேன், சுழியும் வளைவுமா இருக்குற அ, இ எல்லாம் அப்புறம்தான். எடுத்தவுடனே 'அ' எழுதுன்னு பிள்ளைய உக்கார வைக்கிறது எனக்கு இன்னிக்கும் மனசு ஒப்பாது.

நாலஞ்சு மாசம் ஆச்சுங்க. எழுத்துக்கு முன்னாடி சட்டை பட்டன்லதான் வித்தியாசம் தெரிஞ்சுது, ஒருநாள் காலைல அவனே போட்டுக்கிட்டு வந்து நின்னான்.

5 வயசு தாண்டியும் பட்டன், ஸ்பூன்னு எல்லாத்துக்குமே திணறினா ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கிட்ட (எழுதுறது, சாப்பிடுறது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி குடுக்குறவங்க) காட்டிடுங்க. மிஸ்கிட்டயும் வீட்ல இதெல்லாம் பண்றோம், கொஞ்ச நாளைக்கு ஹோம்வொர்க்க பாதியா குறைங்கன்னு கேளுங்க, நான் கேட்டேன், குறைச்சாங்க.