ஒரு மகனுக்குப் பாதி, நால்வருக்கு மீதிப் பாதி: அது எழுத்துப்பிழையா?

எழுத்துப்பிழை அன்று. நைஜீரியாவின் இபாதான் நகர வழக்காற்று நீதிமன்றத் தீர்ப்பை மொழிபெயர்க்கையில் தாங்கள் தயங்கிய அந்தப் பங்கீடு, அங்குள்ள யொரூபா இனத்தவரின் மரபு வழக்கத்தில் இயல்பான கணக்கே.

அங்கே பல மனைவியர் உள்ள ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், சொத்து பிள்ளைகளின் தலைக்கணக்கில் அல்லாமல், பிள்ளை பெற்ற மனைவியரின் எண்ணிக்கைப்படியே முதலில் பிரிக்கப்படுகிறது. 'இடி-இகி', அதாவது மரத்தின் அடி, என்பது இதன் பெயர். ஒவ்வொரு தாயின் பிள்ளைகளும் ஒரு கிளை. ஆகவே அத்தகைய மனைவியர் இருவரெனில், ஒரு தாயின் ஒரே மகன் பாதி வீட்டைப் பெற, மற்றவளின் நால்வருக்கும் ஆளுக்கு எட்டிலொன்றுதான் கிடைக்கும். (பிள்ளையில்லாத மனைவிக்குக் கிளையே இல்லை, எனக்கு உறுத்துவது அதுதான்.)

மூலத்தில் 'ஒரி-ஒஜொரி' என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். அது தலைக்குத் தலை பிரிப்பது. கிளைகளுக்குள் பூசல் எழும்போது குடும்பத் தலைவர் அம்முறையைத் தேர்ந்திருக்கலாம். இடி-இகியே பொதுவிதி என்பதை 1962-இல், அன்று நைஜீரியாவுக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாயிருந்த லண்டன் பிரிவி கவுன்சில், தாவோது எதிர் தன்மோலே வழக்கில் ஏற்றுக்கொண்டது.

இறந்தவர் திருமணச் சட்டத்தின்கீழ்ப் பதிவுத் திருமணம் செய்தவராயின், இந்தக் கணக்கை அப்படியே பொருத்திவிடாதீர்கள்.